‘பிரியா அண்ட் ஐ’யா, ‘பிரியா அண்ட் மீ’யா? ஆபீஸ் ஆங்கிலத்தில் தடுமாறும் இடமும் தமிழே தரும் விடையும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு எக்செல் ஃபைலை அனுப்பச் சொல்லி இன்னொரு டீமுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் ‘ப்ளீஸ் ஷேர் இட் வித் பிரியா அண்ட் மீ’ என்று அடித்த பிறகு கை நின்றுவிட்டது. அந்த ‘மீ’ ஏதோ சின்னப்பிள்ளை பேச்சு மாதிரி தெரிந்தது. பள்ளியில் ‘மீ அண்ட் மை ஃப்ரெண்ட்’ என்று வாயைத் திறந்தாலே டீச்சர் முறைப்பார். அதனால் ‘மீ’யை அழித்துவிட்டு ‘பிரியா அண்ட் ஐ’ என்று மாற்றி அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் ஒரு சீனியரிடமிருந்து பதில் வந்தது. எல்லோரையும் சிசி-யில் வைத்துக்கொண்டே அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தியிருந்தார். பிறகு பல மாதம் இந்த வம்பே வேண்டாம் என்று ‘பிரியா அண்ட் மைசெல்ஃப்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இதில் வலித்தது திருத்தியது இல்லை. முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தேன், பயத்தில் நானே அதைத் தப்பாக மாற்றினேன் என்பதுதான். உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். வித், ஃபார், டு, பிட்வீன் போன்ற ப்ரெபொசிஷன்களும், ஐ, மீ, ஹிம், தெம் போன்ற ப்ரோநவுன்களும் சேரும் இடத்தில்தான் ஆபீஸ் ஆங்கிலம் அதிகம் தடுமாறுகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடிப்படை விதி என்ன?

ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வரும் ப்ரோநவுன் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். ‘ஃபார் ஐ’ கிடையாது, ‘ஃபார் மீ’தான். ‘வித் தே’ கிடையாது, ‘வித் தெம்’தான்.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கும் தமிழ் போலவே வேற்றுமை விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை பெரும்பாலும் தேய்ந்து மறைந்துவிட்டன. ஆனால் ப்ரோநவுன்களில் மட்டும் அந்த மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது நாம் நினைவில் வைக்க வேண்டியது 6 ஜோடிகள்தான்: ஐ–மீ, வீ–அஸ், ஹீ–ஹிம், ஷீ–ஹெர், தே–தெம், ஹூ–ஹூம். ‘யூ’வும் ‘இட்’டும் எங்கே வந்தாலும் மாறாது.

‘யூ’வுக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. ஒரு காலத்தில் ‘நீங்கள்’ என்பதற்கு ‘யீ’, ‘உங்களை, உங்களுக்கு’ என்பதற்கு ‘யூ’ என்று தனித்தனியாக இருந்தன. பிறகு ‘யூ’ மெல்ல மெல்ல ‘யீ’யின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதாவது இன்று உலகமே சரி என்று சொல்லும் ‘யூ ஆர்’, பழைய கணக்குப்படி ‘உங்களை வருகிறீர்கள்’ மாதிரியான ஒரு குழப்பம்.

அப்புறம் ஏன் தடுமாறுகிறோம்?

ஒரே ஆள் என்றால் யாரும் தடுமாறுவதில்லை. ‘ஷேர் இட் வித் ஐ’ என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ‘அண்ட்’ வந்ததும்தான் சிக்கல். ‘வித் பிரியா அண்ட்…’ என்று போகும்போது, ‘வித்’தின் பிடி தளர்ந்துவிட்டது போல ஒரு உணர்வு வருகிறது.

கூடவே பள்ளிப் பாடமும் சேர்ந்துகொள்கிறது. ‘மீ அண்ட் பிரியா வென்ட்’ என்று சொன்னால் ‘பிரியா அண்ட் ஐ வென்ட்’ என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் சரிதான், ஏனென்றால் அங்கே போனது நான். ஆனால் நம் மனசில் பதிவது வேறு: ‘அண்ட்’டுக்குப் பிறகு எப்போதும் ‘ஐ’தான் மரியாதை, ‘மீ’ போட்டால் படிக்காதவன். இப்படித் தப்பைத் தவிர்க்கும் பயத்தில் சரியானதையும் மாற்றிவிடுவதை மொழியியலில் மிகைத்திருத்தம் என்பார்கள்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. பராக் ஒபாமா அதிபராகப் பதவியேற்ற 2009-ல், அவர் ‘ஃபார் மிஷெல் அண்ட் ஐ’ என்று பேசுவதை வைத்து நியூயார்க் டைம்ஸில் ஒரு கருத்துக் கட்டுரையே வந்தது. 1992 தேர்தல் பிரசாரத்தில் பில் கிளின்டனும் ‘அல் கோர் அண்ட் ஐ’ என்று, ‘மீ’ வர வேண்டிய இடத்தில் சொல்லி விமர்சனம் வாங்கினார். இன்னும் பின்னால் போனால், 1590-களில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் அன்டோனியோ தன் நண்பனுக்கு எழுதும் கடிதத்திலேயே ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ இருக்கிறது.

இந்த வழக்கை முழுத் தப்பு என்று எல்லா அறிஞர்களும் ஒதுக்கவும் இல்லை. ஸ்டீவன் பிங்கர் 1994-ல் வந்த ‘தி லாங்வேஜ் இன்ஸ்டிங்ட்’ நூலில் கிளின்டனுக்காக வாதாடியிருக்கிறார். ‘இன்னாரும் நானும்’ என்ற முழுத் தொடருக்கு ஒரு வேற்றுமை இருப்பதாலேயே, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் அதே வேற்றுமையில் நின்றாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது அவர் வாதம். ஆனால் அப்ரைசலில் உங்கள் மேனேஜர் பிங்கரைப் படித்துவிட்டு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. எழுத்து ஆங்கிலத்தில் ‘மீ’தான் பாதுகாப்பு.

தமிழில் இந்தத் தப்பு ஏன் வருவதே இல்லை?

அதே வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘பிரியாவுக்கும் எனக்கும் அனுப்புங்க.’ நாலு வயசுக் குழந்தைகூட ‘பிரியாவுக்கும் நானும் அனுப்புங்க’ என்று சொல்லாது.

காரணம் எளிது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் வரும், இருவர் என்றால் இருவர் மேலும் தனித்தனியாக ஒட்டும். உனக்கும் எனக்கும், உன்னோடும் என்னோடும் என்று இரண்டு முறை சொல்கிறோம். போதாததற்கு ‘நான்’ என்பதே ‘என்’ என்று உருமாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வித்’ ஒரே ஒரு முறை, அதுவும் முன்னால் வருகிறது. அதற்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவே தூரம் விழுகிறது. அந்தத் தூரத்தில்தான் ‘ஐ’ நுழைகிறது.

அப்படின்னா நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள்:

• ‘பிரியாவும் நானும்’ என்று வந்தால்: பிரியா அண்ட் ஐ.
• ‘எனக்கும்’, ‘என்னையும்’, ‘என்னோடும்’, ‘என்கிட்டயும்’ என்று வந்தால்: பிரியா அண்ட் மீ.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தமிழில் சில வினைகள் நான்காம் வேற்றுமையோடுதான் வரும். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேணும்’, ‘எனக்குப் பசிக்குது’. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஐ’தான். ‘பிரியாவுக்கும் எனக்கும் தெரியும்’ என்பது ‘பிரியா அண்ட் ஐ நோ’. ‘என்னால முடியும்’ என்பதும் அப்படித்தான், ‘ஐ கேன்’. இந்த இடங்களில் தமிழ்ச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும்.

அதனால் ஆங்கிலத்திலேயே இன்னொரு சோதனையும் வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்கும் ஆளை நீக்கிவிட்டுப் படியுங்கள். ‘ஷேர் இட் வித் ஐ’ உதைக்கிறது, ‘வித் மீ’ பொருந்துகிறது. வேலை முடிந்தது.

‘பிட்வீன்’ மட்டும் இதற்கு அடங்காது, ஏனென்றால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கே இருவரையும் சேர்த்து ‘வீ’ அல்லது ‘அஸ்’ போட்டுப் பாருங்கள். ‘பிட்வீன் வீ’ என்று யாரும் சொல்ல மாட்டோம், ‘பிட்வீன் அஸ்’தான். ஆகவே ‘பிட்வீன் யூ அண்ட் மீ’.

‘மைசெல்ஃப்’ போட்டுத் தப்பிக்கலாமா?

ஐ-யா மீ-யா என்று தெரியாதபோது நாம் ஓடி ஒளியும் இடம் இது. ‘ப்ளீஸ் காண்டாக்ட் பிரியா ஆர் மைசெல்ஃப்’ என்று எழுதினால் கொஞ்சம் கெத்தாகவும் இருக்கிறது. ஆனால் ‘மைசெல்ஃப்’ வருவதற்கு அந்த வாக்கியத்தில் ஏற்கெனவே ‘ஐ’ இருக்க வேண்டும், செய்தவரும் பெற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ‘ஐ பாட் இட் ஃபார் மைசெல்ஃப்’ சரி, வாங்கியதும் நான், எனக்காகவும் நான். ‘காண்டாக்ட் மைசெல்ஃப்’பில் தொடர்புகொள்ளப் போவது நீங்கள். அங்கே ‘மீ’ போதும்.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. இடத்தைக் குறிக்கும் ப்ரெபொசிஷன்களோடு பெரும்பாலும் சாதாரண வடிவமே வரும். ‘லேப்டாப் என்கிட்ட இருக்கு’ என்பதை ‘ஐ ஹேவ் த லேப்டாப் வித் மீ’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘வித் மைசெல்ஃப்’ அல்ல.

உருபை அப்படியே தூக்கிப் போட்டால் என்ன ஆகும்?

‘ஐ’, ‘மீ’ சரியாக வந்த பிறகும் அதற்கு முன்னால் எந்த ப்ரெபொசிஷன் என்பதில் அடுத்த சறுக்கல். நம் வாயில் வரும் ஆங்கிலத்துக்குப் பின்னால் பல நேரம் ஒரு தமிழ் உருபு நிற்கிறது.

‘என் மேல கோபமா?’ என்பது ‘ஆங்ரி ஆன் மீ’ ஆகிவிடுகிறது. எழுத்து ஆங்கிலத்தில் ‘ஆங்ரி வித் மீ’. ‘அவரோட கல்யாணம் ஆச்சு’ என்பது ‘மேரீட் வித் ஹிம்’ ஆகிறது, வழக்கில் ‘மேரீட் டு ஹிம்’. ‘அதைப் பத்திப் பேசலாம்’ என்பதில் உள்ள ‘பற்றி’ சும்மா இருக்காமல் ‘டிஸ்கஸ் அபவுட் இட்’ என்று வந்து நிற்கிறது. ‘டிஸ்கஸ்’ஸுக்குள்ளேயே ‘பற்றி’ அடக்கம், ‘டிஸ்கஸ் இட்’ போதும். ‘மென்ஷன்’ வினைச்சொல்லாக வரும்போதும் அப்படியே.

‘கிட்ட’ இன்னும் சுவாரஸ்யம். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிகிறது:

• என்கிட்ட இருக்கு – வித் மீ
• என்கிட்ட வாங்கினார் – ஃப்ரம் மீ
• என்கிட்ட வந்தார் – டு மீ

இதோடு நாலாவதாக ஒன்றும் உண்டு: ப்ரெபொசிஷனே வேண்டாத இடம். ‘அவர்கிட்ட கேளு’ என்பது ‘ஆஸ்க் ஹிம்’தான், ‘ஆஸ்க் டு ஹிம்’ அல்ல. ‘என்கிட்ட சொன்னார்’ என்பது ‘டோல்ட் மீ’. அதே பொருளில் ‘செட்’ போட்டால் மட்டும் ‘செட் டு மீ’.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது, வேண்டிய இடத்தில் ‘டு’வை விட்டுவிடுவோம். ‘எக்ஸ்ப்ளெயின் மீ’, ‘ரிப்ளை மீ’, ‘சஜஸ்ட் மீ’ என்று எழுதுகிறோம். சரியானவை ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’, ‘ரிப்ளை டு மீ’, ‘சஜஸ்ட் இட் டு மீ’. இதற்கு ஒரே வரியில் விதி கிடையாது, வினைச்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். ஆபீஸில் அடிக்கடி வருபவை பத்துப் பன்னிரண்டுதான் என்பது ஒரு ஆறுதல்.

‘செட் அப் இட்’டா, ‘செட் இட் அப்’பா?

‘செட் அப் த மீட்டிங்’, ‘செட் த மீட்டிங் அப்’ இரண்டுமே சரி. ஆனால் ‘த மீட்டிங்’ போய் ‘இட்’ வந்ததும் ஒரு வழி அடைந்துவிடுகிறது. ‘செட் இட் அப்’ மட்டும்தான். ‘கால் இட் ஆஃப்’, ‘ஃபில் இட் இன்’, ‘டர்ன் இட் டவுன்’, ‘லுக் இட் அப்’ எல்லாம் இதே ரகம். ப்ரோநவுன் நடுவில் உட்கார வேண்டும்.

ஆனால் ‘லுக் இன்டு இட்’ என்பதில் ‘இட்’ கடைசியில்தான். ‘லுக் ஆஃப்டர் தெம்’, ‘டீல் வித் ஹெர்’, ‘வெயிட் ஃபார் அஸ்’ ஆகியவையும் அப்படியே. ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாவது பட்டியலில் இருப்பவை நிஜமான ப்ரெபொசிஷன்கள், தங்களுக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்பவை. முதல் பட்டியலில் உள்ள அப், ஆஃப், இன், டவுன் வினையோடு ஒட்டிய வால்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு பெயர்ச்சொல்லை நடுவில் நுழைத்துப் பாருங்கள். ‘செட் த மீட்டிங் அப்’ முடிகிறது, அதனால் ‘செட் இட் அப்’. ‘லுக் த இஷ்யூ இன்டு’ முடியவில்லை, அதனால் ‘லுக் இன்டு இட்’.

‘ஆஃப் மீ’க்கும் ‘ஆஃப் மைன்’க்கும் என்ன வித்தியாசம்?

‘என் ஃப்ரெண்ட் ஒருத்தன்’ என்று சொல்ல ‘மை ஒன் ஃப்ரெண்ட்’ என்போம். கேட்பவருக்கு ‘எனக்கு இருக்கிற ஒரே ஃப்ரெண்ட்’ என்று படலாம். ஆங்கில வழக்கு ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’. ‘ஆஃப்’புக்குப் பிறகு ‘மீ’ வராமல் ‘மைன்’ வரும் அபூர்வமான இடம் இது.

இங்கே பொருளே மாறும். ‘எ ஃபோட்டோ ஆஃப் மீ’ என்றால் ஃபோட்டோவில் இருப்பது நான். ‘எ ஃபோட்டோ ஆஃப் மைன்’ என்றால் அது என்னுடையது, உள்ளே யார் இருந்தாலும் சரி. தமிழில் ‘என் ஃபோட்டோ’ இரண்டுக்கும் பொது.

‘ஹூம்’ இன்னும் உயிரோடு இருக்கிறதா?

6 ஜோடிகளில் மூச்சிரைத்துக்கொண்டிருப்பது இதுதான். பேச்சில் ‘ஹூ டிட் யூ ஸ்பீக் டு?’ என்பதே இயல்பு. ‘டு ஹூம் டிட் யூ ஸ்பீக்?’ என்று மீட்டிங்கில் கேட்டால் கோர்ட்டில் கேட்பது போல இருக்கும். ஆனால் ப்ரெபொசிஷன் முன்னாலேயே வந்துவிட்டால், எழுத்தில் ‘ஹூம்’தான் போட வேண்டும். ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ இன்னும் அதனால்தான் அப்படியே நிற்கிறது.

வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று சொல்வார்களே? 1672-ல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் அதை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டினார். பிறகு வந்த இலக்கணப் புத்தகங்கள் அந்தக் கருத்தை விதி மாதிரி பரப்பின. ஆங்கிலம் பேசுபவர்கள் அன்றும் இன்றும் அப்படி முடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதற்குப் பயப்பட வேண்டாம்.

காலில் பேசும்போது ஏன் காதில் விழுவதே இல்லை?

வெளிநாட்டு கிளையன்ட் பேசும்போது ‘யார்கிட்ட கேட்கச் சொன்னார்?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருப்போம். ப்ரெபொசிஷனும் ப்ரோநவுனும் சேரும்போது ஆங்கிலத்தில் இரண்டுமே அடக்கி வாசிக்கப்படும். ‘ஹிம்’, ‘ஹெர்’ரில் உள்ள ‘ஹ’ அடிக்கடி கரைந்துவிடும். ‘ஃபார் ஹிம்’ என்பது ‘ஃபரிம்’ போலவும், ‘ஆஸ்க் ஹெர்’ என்பது ‘ஆஸ்கர்’ போலவும் விழும். நம் காது பழுதில்லை, அவர்கள் பேச்சு அப்படி.

அழுத்திச் சொன்னால் அதற்கு வேறு பொருள். ‘ஐ கேவ் இட் டு ஹிம்’ என்பதில் ‘ஹிம்’மை ஓங்கிச் சொன்னால், ‘அவருக்குத்தான் கொடுத்தேன், வேற யாருக்கும் இல்லை’ என்று ஆகிவிடும். தமிழில் ‘தான்’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் குரல் செய்கிறது. நாம் எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்தில் சொல்லும்போது, சாதாரணத் தகவல்கூடச் சண்டைக்கு வந்தது போல கேட்க இதுவும் ஒரு காரணம்.

எதற்குக் கவலைப்படலாம், எதை விடலாம்?

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. என் கணக்கில் மூன்று அடுக்கு.

1. பொருளையே மாற்றுபவை: ‘ஆஃப் மீ – ஆஃப் மைன்’, ‘மை ஒன் ஃப்ரெண்ட்’, தவறான இடத்து அழுத்தம். முதலில் இவற்றைக் கவனியுங்கள்.
2. பொருள் புரியும், ஆனால் எழுத்தில் கண்ணை உறுத்துபவை: ‘வித் பிரியா அண்ட் ஐ’, ‘காண்டாக்ட் மைசெல்ஃப்’, ‘எக்ஸ்ப்ளெயின் மீ’, ‘செட் அப் இட்’. ரெஸ்யூமே, கிளையன்ட் மெயில், அறிக்கை அனுப்பும் முன் ஒரு முறை தேடிப் பாருங்கள்.
3. விட்டுவிடக்கூடியவை: பேச்சில் ‘ஹூம்’ வராதது, வாக்கியக் கடைசியில் ப்ரெபொசிஷன், அவசரத்தில் வந்து விழும் ‘டிஸ்கஸ் அபவுட்’.

இந்த அடுக்கு தெரியாததால்தான், சொல்ல நல்ல விஷயம் இருந்தும் மீட்டிங்கில் மைக்கை மியூட்டிலேயே வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். ‘மீ’யா ‘ஐ’யா என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறது. ஒரு அமெரிக்க அதிபர் இதே தப்பைச் செய்தால் அது பேச்சு வழக்கு என்று வாதாட ஆள் இருக்கிறது. நம்மில் ஒருவர் செய்தால் ‘கம்யூனிகேஷன் சரியில்லை’ என்று அப்ரைசலில் எழுத ஒரு காரணம் கிடைக்கிறது. அது நியாயம் இல்லை. ஆனாலும் எழுத்தில் அந்தக் காரணத்தைக் கொடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அதற்குத் தேவையான இலக்கணத்தில் பாதி, ‘எனக்கும் உனக்கும்’ என்று சொல்லத் தெரிந்த அன்றே நமக்கு வந்துவிட்டது.

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு மெயில் போட்டார். கடைசி வரி, அதே ‘அண்ட் ஐ’. சிசி-யில் பதினோரு பேர். நான் பதில் போடவில்லை. சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது, “அந்த லைனைத் தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாருங்க” என்றேன். சொன்னார். பாதியிலேயே சிரித்துவிட்டார்.